படத்தில் இருக்கும் இரண்டு பேர்

என் பிரியமுள்ள ராஜேஸ்வரி,

நம்ம குமரன் பாரிசிலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறான். அவனே வரைந்தது. துணியைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்திருந்தான், கடிதம் இல்லை. உன் சாவுக் காரியத்துக்கு வந்தபோதும் என்னோடு பேசாமல்தானே போனான்? "அந்தப் பையனோட வாழுறதா இருந்தா வீட்டுப் பக்கம் வராத" என்று அவனைப் பார்த்துக் கத்திய எனக்கு வேறென்ன கிடைக்கும்?

பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த வாழைப்பழத்தைப் பார்த்து, "இது என்ன மீன்?" என்று டீச்சர் கேட்டார். அந்த அறிவோடுதான் மகனின் படத்தை விரித்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி. சுவர் மட்டும் தோட்டத்தில் நாம் முன்பு குடியிருந்த லயத்துக் காம்பராவின், அந்த ஒற்றை அறையின், நீலச் சுவர். கட்டிலில் அந்தப் பையன் சாய்ந்திருக்கிறான், அவன் மடியில் குமரனின் தலை. குனிந்து பார்க்கிறான் பார், அந்தப் பார்வை! நீ எப்போதாவது என்னை அப்படிப் பார்த்தாயா, ராஜேஸ்? பார்த்திருப்பாய். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

பலாபத்வல டவுனில் ஒரு கடையில் பிரேம் போடக் கொடுத்தேன். திரும்பிப் போனால், படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை, மேலே சிவப்பு பல்பு!

"எக்சிடன்டா ஐயா?" என்றான் கடைக்காரன், மெதுவாக.

"டேய், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கடா! மாலையக் கழட்டு."

"அப்ப, மகனுக்குப் பக்கத்துல இருக்கிறது கூட்டாளியா?"

ஆமா என்றால் முடிந்திருக்கும்.

"இல்லப்பா. மகனோட துணை. ரெண்டு பேரும் குடும்பமா இருக்காங்க."

அவன் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மாலையைக் கழற்றினான்.

"பாரமான படம். ரெண்டு ஆணி அடிங்க ஐயா."

முன் ஹாலில் மாட்டிவிட்டு, குமரனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"கோயில் தேருக்கு ரெண்டு பேரும் வாங்கப்பா."

குமரன் கேட்டான்:

"அவர யாருன்னு சொல்லுவீங்க அப்பா?"

"பிரேம் கடையில சொல்லிட்டேன். இந்நேரம் மாத்தளை பூரா தெரிஞ்சிருக்கும்."

சிரித்தான். அழுதானோ என்னவோ, எனக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. நீ எனக்குத் தெரியாமல் அவனோடு அடுப்படியில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டே இருப்பாயே, உனக்குப் பிடிபட்டிருக்கும்.

இத்தனை வருடமாக அந்தப் பையன் என்றே சொல்லி வந்தேன். பெயர் என்ன என்று நேற்றுத்தான் கேட்டேன். நிரோஷனாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், ராஜேஸ். அவர்கள் வரும் அன்றைக்கு உள்ளே ஒளிந்துகொண்டு பேப்பர் பார்க்க மாட்டேன். தெரு பார்க்க வாசலில் நின்று, "வாங்க நிரோஷன்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் கையிலிருக்கும் பையை நானே வாங்கி உள்ளே கொண்டுவருவேன்.

குமரனுக்கு அப்பாவாக இருக்கப் பிந்திப் பழகும்,
உன் வீட்டுக்காரன்