இடது டப்பா, வலது டப்பா

இல்லத்தரசிக்கு,

நேற்றுக் காலை ஷெட்டில் இருந்தவர்கள்: வாசற்படியில் நீ, ஸ்டூலில் உன் தம்பி, கழற்றிய சக்கரத்தின் மேல் நான். நம் பழைய காரின் பின் ஆக்சிலில் மரை மழுங்கியதற்கு அவனைத்தான் திட்டினேன். "நட்டு ஏறலைன்னு சொன்னேனே அத்தான், நீங்கதானே ஸ்பேனர்ல பைப் போட்டு இறுக்கச் சொன்னீங்க" என்றவன், சாப்பிடாமலே போய்விட்டான். அப்புறம் நீயும் என்னோடு பேசவில்லை.

இன்று விடியற்காலைதான் புரிந்தது. இரு பக்க நட்டுக்கும் மரை எதிரெதிர்; ஒன்று வலப்பக்கம் திருகினால் இறுகும், மற்றது இடப்பக்கம். டப்பாக்களில் ‘இடது’, ‘வலது’ என்று சீட்டு ஒட்டியவன் நான். காருக்கு எதிரே நின்றுகொண்டு ஒட்டியிருக்கிறேன். அவன் பின்னால் உட்கார்ந்து, சீட்டை நம்பி மாட்டியிருக்கிறான்.

ஆக்சிலை லேத் பட்டறைக்குக் கொண்டுபோகிறேன். வெல்டிங் வைத்து நிரப்பிப் புது மரை வெட்டித் தருவார்கள். சக்கரத்தின் நடுக்குடமான ஹப் உன் பெரிய பாத்திரத்தில் மண்ணெண்ணெயில் ஊறுகிறது, அடுப்பருகே கொண்டுபோகாதே. அதற்கான திட்டை நான் வந்தபின் வைத்துக்கொள். ஷெட் சாவி ஆணியில்.

பி.கு: தப்பு முழுக்க என்னுடையது, மத்தியானம் சாப்பிட வா என்று உன் தம்பிக்குக் கடிதம் எழுதினேன். நீ எழுந்து படித்தால் "இன்னும் கொஞ்சம் இறங்கி எழுதுங்க" என்பாய். அதனால் உறையை ஒட்டி, பேப்பர்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன்.