மூன்றாம் பீப்பாய்

அக்டோபர் 9

நான்காம் பீப்பாய் விஸ்கியை மார்வ் திருப்பிவிட்டார். பன்னிரண்டு புட்டிகளில் ஒன்றைத்தான் திறந்தாராம். மீதியை எடுத்துவர நானே அவருடைய மதுக்கடைக்குப் போனேன். ஏரியில் மீன் பிடித்துவிட்டு வந்த கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா கேரின், மூணாவது பீப்பா தேனாட்டம் இருந்துச்சு. இது நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணியாட்டம் நாறுதே. ரெண்டையும் ஒரே கைதான காச்சுது?"

ஒரே கைதான். ஒரே செம்புக் கொப்பரை, ஒரே வயலில் விளைந்த ரை தானியம். "இன்னும் வயசு பத்தல மார்வ்" என்றேன்.

"அப்ப மூணாவதுக்கு மட்டும் வயசு எங்கேருந்து வந்துச்சு?"

கடையே சிரித்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பதினெட்டு வருடப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன். எனக்கு விஸ்கி காய்ச்ச வருமா, வராதா? அது தெரிந்தாக வேண்டும்.

அக்டோபர் 10

தம்பி டெரெக் சொல்கிறான்: "விடுக்கா. சின்ன ஆலைன்னா ஒண்ணு நல்லா வரும், ஒண்ணு காலை வாரும்." இவனுக்கு எதுதான் உறைத்திருக்கிறது!

அக்டோபர் 23

மூன்றுக்கும் நான்குக்கும் எழுதி வைத்த குறிப்புகளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே வாரத்தில் நிரப்பியவை. பெரிய ஆலைகள் மாதிரி ஆறு வருடம் காத்திருக்க நமக்கு ஏது வழி? அதனால் சின்னப் பீப்பாய். ஒன்பது மாதத்தில் நிறம் ஏறிவிடும். கூடவே பலகையைக் கடித்த மாதிரி ஒரு கசப்பும் ஏறிவிடும்.

வடிக்கும்போது கொப்பரையிலிருந்து முதலில் சொட்டுவது மூக்கைத் துளைக்கும், அதை ஒதுக்க வேண்டும். கடைசியில் வருவது நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம், அதையும் ஒதுக்க வேண்டும். நடுவில் வருவதுதான் நமக்கு. எந்த நிமிடத்தில் வெட்டுவது, அதாவது பாத்திரத்தை மாற்றி வைப்பது என்று சொல்ல என் மூக்கை விட்டால் வேறு கருவி கிடையாது. நான்காவதில் தாமதமாக வெட்டிவிட்டேனா? ஆனால் நேரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு வித்தியாசம்கூட இல்லை. அப்புறம் எப்படி?

நவம்பர் 6

போன வாரம் பீப்பாய்களை அடுப்புப் பக்கம் நகர்த்தினேன். திங்கட்கிழமை ஈஸ்ட்டை மாற்றினேன். இன்று பத்து நிமிடம் முன்னாலேயே வெட்டினேன்.

"அக்கா, மூணையும் ஒண்ணா மாத்துனா எதனால கெட்டுச்சுன்னே தெரியாதே."

"அப்ப மூணாவது பீப்பா எப்படி வந்துச்சுன்னு நீ சொல்லு பாப்போம்!" என்று கத்திவிட்டேன். எழுந்து போய்விட்டான். பாவம், அவனிடம் போய்க் கத்தினேனே.

நவம்பர் 16

தேவாலய விருந்தில் மார்வின் மனைவி என் தட்டில் கறி வைத்துக்கொண்டே, "மூணாவது பீப்பா ஒரு புட்டி மிச்சம் இருக்கா?" என்றாள். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

டிசம்பர் 4, செயின்ட் பால்

மாநிலத்துச் சின்ன ஆலைக்காரர்கள் கூட்டம். வரிசையாக மேசைகள், ஆளுக்கு நாலு புட்டி. எங்கள் ஊருக்கு இருபது மைல் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து வந்த ஒரு தாடிக்காரன் மேசையில் ஒரு வாய் குடித்தேன்.

மூன்றாம் பீப்பாய்! அதே இனிப்பு, அதே மிளகுக் காரம்.

"இதை எப்படிக் காச்சுனீங்க?" என்றேன்.

அவன் என் சட்டையில் குத்தியிருந்த ஆலைப் பெயரைப் படித்தான். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "காச்சுறதாவது! வெளி மாநிலத்துப் பெரிய ஆலையில வாங்குனது. ஏழு வருசச் சரக்கு. உங்க டெரெக்கும் நானும் சேந்துதான ஒரே வண்டியில ஏத்திட்டு வந்தோம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

டிசம்பர் 5

டெரெக்கிடம் கேட்டேன். "ஆமா" என்றான். ஒரே வார்த்தை. அப்புறம்தான் கொட்டினான்.

என் மகளின் பிரசவத்துக்கு நான் டூலூத் நகரத்துக்குப் போயிருந்த வாரம், மூன்றாம் பீப்பாயை அவன்தான் புட்டியில் அடைத்தான். "அதுவும் குடிக்கிற மாதிரி இல்லக்கா. முதல் ரெண்டுக்கும் ஊர் பேசுன பேச்சுல நீ மூணு நாள் சாப்பிடாமக் கெடந்த. ஒரு தடவையாவது நல்லாருக்குன்னு உன் காதுல விழட்டுமேன்னு அதக் கொட்டிட்டு, வாங்குனத அடைச்சேன்."

அடப்பாவி. அடப்பாவி! இத்தனை மாதமாக அந்த ஒரு பாராட்டை வைத்துத்தானே உயிரோடு இருந்தேன். அது யாரோ முகம் தெரியாத ஆளுக்குச் சேர வேண்டிய பாராட்டு. புட்டியில் சீட்டு ஒட்டியிருக்கிறது — 'இங்கே விளைந்தது, இங்கே வடித்தது'. அடியில் என் கையெழுத்து.

அவனை வெறுக்க முடியவில்லை. முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

டிசம்பர் 8

மார்விடம் போய்ச் சொல்லிவிட்டேன். டெரெக்கும் பக்கத்தில் நின்றான்.

"ஊரையே முட்டாளாக்கிட்டீங்களேம்மா" என்றார். சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சுவரில் இருந்த கரும்பலகையில் எங்கள் ஆலைப் பெயரைத் துணியால் அழித்தார். போகச் சொன்னார்.

டிசம்பர் 12

இன்று முதல் எதையும் மாற்றப்போவதில்லை. ஒரே ஈஸ்ட், ஒரே நேரத்தில் வெட்டு, பீப்பாய்கள் கல்தரையில் ஒரே இடத்தில். ஒன்பதாம், பத்தாம் பீப்பாய்களை நிரப்பினோம். டெரெக்கோடு இரண்டே வார்த்தை பேசினேன்: "இறுக்கி மூடு."

செப்டம்பர் 14

ஒன்பதும் பத்தும் திறந்தோம். எது எது என்று எனக்குச் சொல்லாமல் டெரெக் ஆறு கோப்பைகளில் ஊற்றி வைத்தான். மூன்று தடவை சுற்றிச் சுற்றிக் குடித்துப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. அவனைக் குடிக்கச் சொன்னேன். அவனாலும் முடியவில்லை.

மூன்றாம் பீப்பாய்க்குக் கிட்டேகூட வராது. தொண்டையைச் சுடுகிறது. பலகைக் கசப்பு. கடைசியில் லேசாக அட்டைப்பெட்டி நாற்றம். ஆறு கோப்பையிலும் அதே கசப்பு, அதே இடத்தில் அதே நாற்றம்.

"ரெண்டும் ஒரே மாதிரி மோசம்கா" என்றான் பயந்துகொண்டே.

ஒரே மாதிரி! என் கையில் இதுவரை இரண்டு பீப்பாய் ஒன்றாக வந்ததே இல்லை. டிசம்பருக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

நாளைய வடிப்பில் கடைசி வெட்டை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளப்போகிறேன். அது ஒன்றை மட்டும்.