அணைக்குள் நீ வைத்த குழாய்

இதை யார் கண்டெடுத்தாலும், தயவுசெய்து எங்கள் வீட்டில் காட்டிவிடாதீர்கள். இது என் அக்காவுக்கு.

அக்கா, உன் மஞ்சள் பூட்ஸ் என் அலமாரிக்குள் இருக்கிறது. நாலு துண்டு சுற்றியும் சேற்று வாடை அடங்கவில்லை. ஜனவரியில் ஹைவேயில் உன் கார் நொறுங்கியதிலிருந்து உன் சாமான் எதையும் அப்பா யாரையும் தொடவிடவில்லை. இன்று சாயங்காலம் நான் எடுத்துவிட்டேன்.

பின்பக்க ஓடையில் பீவர்கள் மரத்தைக் கொறித்துப் போட்டு அணை கட்ட ஆரம்பித்தபோது அப்பா டெக்கில் நின்று சிரித்தார். "பெருச்சாளி வால்ல தோசைத்திருப்பியைக் கட்டின மாதிரி இருக்கு!"

"பிள்ளையாருக்கு வாகனம் அப்கிரேட் ஆயிடுச்சுப்பா," என்றாய் நீ.

அதற்குமுன் அந்த ஓடை வெறும் சாக்கடை. மழை பெய்தால் பழுப்பாகப் பாயும், மறுநாளே காயும். ஒரே வருடத்தில் குளமானது. சேறு அடியில் தங்கித் தண்ணீர் தெளிந்தது. தவளை வந்தது, அதைத் தின்ன நாரை வந்தது. நம் வெஸ்ட் வின்ட்சர் ஊர் முழுக்கப் புல் கருகிய கோடையிலும் அந்தக் கரை மட்டும் பச்சையாக இருந்தது. "தண்ணியைக் கொஞ்சம் உட்கார வெச்சா போதும்டி, மத்ததெல்லாம் தானா வரும்," என்பாய்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பேஸ்மென்ட் நனையக் கூடாது என்று அணைக்குள் நீளமான குழாயைச் செருகி, அதன் வாயில் கம்பிக்கூண்டு மாட்டினாய். மிஞ்சிய தண்ணீர் சத்தமில்லாமல் வெளியேறிவிடும், பீவருக்கே தெரியாது. நம் இருவரைத் தவிர யாருக்குமே தெரியாது. வாரம் ஒருமுறை கூண்டில் சேரும் இலையை எடுத்தால் போதும்.

"நான் இல்லாதப்ப நீ பாத்துப்பியா?"

"ஓகே, ஓகே, ஐ வில்."

காலேஜுக்குப் போவதைத்தான் சொன்னாய்.

நான் போகவில்லை அக்கா. ஒருமுறைகூட. நீ இல்லாத கரையில் நிற்கப் பயம். கூண்டு அடைத்துக்கொண்டது, குளம் ஏறியது, ஆன்ட்டியின் பேஸ்மென்டில் கணுக்கால் அளவு தண்ணீர். எல்லோரும் பீவரைத் திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பீவரை என்ன செய்வது என்று தெருக்காரர்களின் அசோசியேஷன் மீட்டிங் நம் வீட்டில்தான். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்ட எதிர்வீட்டு அங்கிள்தான் பொறி வைக்கச் சொல்லும் பேப்பரில் முதல் கையெழுத்து. "பாவம், பிடிச்சு எங்கயாவது விட்டுருவாங்க," என்றாள் அம்மா. கொல்கிற பொறி என்று பேப்பரில் தெளிவாக எழுதியிருந்தது. சிலந்தியைக்கூடக் கப்பில் ஏந்தி வெளியே விடும் நம் அப்பா அதை முழுக்கப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இன்று பொறி வைத்தார்கள். உன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கி, நீளமான கம்பைப் பொறிக்குள் நீட்டினேன். படாரென்று மூடியது. கம்பு இரண்டு துண்டு. அப்புறம் கூண்டிலிருந்த இலையைக் கையால் வாரி வெளியே போட்டேன். குளம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. இவ்வளவுதான் வேலை. பத்து நிமிடம். ஒன்பது மாதமாக நான் செய்யாத பத்து நிமிடம்.

காலையில் பொறி வைக்கிற ஆள் வந்து மறுபடியும் பொறி வைப்பார். அதற்குள் குழாயைப் பற்றி அப்பாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால், தண்ணீர் ஏறியது என்னால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். உன்னிடம் வாக்குக் கொடுத்துவிட்டுச் செய்யவில்லை என்பதையும்.

அம்மாவின் ஐபேடில் இப்போதுதான் பார்த்தேன். அங்கிள் தன் கேமராவில் விழுந்த படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். "யார் வீட்டுப் பொண்ணு இது?" முகம் தெரியவில்லை. பூட்ஸ் தெரிகிறது.

கதவு தட்டும் சத்தம்.

"கண்ணா, தூங்கிட்டியா? அந்த பூட்ஸ்..."

அப்பாதான். அக்கா, நான் சொல்லிவிடப் போ