உனக்கு நான் கொடுத்த தும்மல் மாத்திரை

இன்று காலை கச்சாப் பட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்தேன். வேகவைக்காத பட்டின் அந்த நெடி எழுந்ததும் கண் தானாக உன் ராட்டைப் பக்கம் போனது. ராட்டை இருக்கிறது. அதன் எதிரே உட்கார்ந்து இருமிக்கொண்டே என்னைத் திட்ட நீதான் இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரியாத வைத்தியமே இல்லை என்று உன் புருஷன் நான் சொல்லித் திரிந்த அறுபதுகளின் கடைசி அது. இழை சுற்றினால் உனக்கு இழுப்பு வரும். டாக்டர் எனக்குப் படமே போட்டுக் காட்டினார். ஏழாவது வரை படித்தவனாயிற்றே, வேறு யாருக்கும் அவர் படம் போட்டதில்லை. பட்டுத் தூசியை எதிரி என்று நினைத்து நுரையீரலில் உள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற சரக்கைக் கொட்டிவிடுமாம். மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கும், தசை இறுகும், சளி ஊறும். தூசிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி, இழுப்புக்கு மாத்திரை எழுதினார்.

ஹிஸ்டமினையே அடைக்கிற தும்மல் மாத்திரை இருக்கும்போது இது எதற்கு? சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அந்தத் தும்மல் மாத்திரையை வாங்கி வந்து உனக்குக் கொடுத்தேன்.

"இனிமே நீ தாராளமா சுத்தலாம்" என்றேன்.

"டாக்டரு சொன்னாரா, நீ சொல்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

மதியத்துக்குள் ராட்டை நின்றது. மாத்திரைத் தூக்கத்தில் கண் சொக்கி, நெஞ்சு விசிலடிக்க, உதடு கறுத்துச் சாய்ந்திருந்தாய். ரிக்‌ஷாவில் உன்னைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போன அந்தத் தூரம், ஊருக்கு வெளியே இருக்கும் திருப்புட்குழிக்கும் அப்பால் போவது போல் நீண்டது.

ஊசி போட்டுவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். "மூக்குக்கும் அரிப்புக்கும் அது கேக்கும்யா. நெஞ்சுல ஹிஸ்டமின் மட்டுமா வேலை செய்யுது? வேற சரக்கும் சேர்ந்துதான் வீங்க வைக்குது."

மூச்சு திரும்பியதும் நீ சொன்ன முதல் வார்த்தை: "மீதி மாத்திரைய நீயே துன்னுட்டு தூங்குய்யா. தெருவாவது நிம்மதியா இருக்கும்."

மறுநாளே ராட்டை கொல்லைக்குப் போனது. சுற்றுவது என் வேலையானது, தறியில் உட்காருவது உன் வேலையானது. தூசி ஏறாமலிருக்க என் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிவிட்டவள் நீ. பொம்பளை வேலை என்று தெரு சிரித்தது. ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்றேன். தறியிலிருந்து உன் குரல் வந்தது: "புளுகாதய்யா. பயந்துட்ட நீ."

பிறகு எத்தனையோ வருஷம் நீ இழுப்பில்லாமல் நெய்தாய். கடைசியில் ஏதோ ஒரு காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது.

ஹிஸ்டமினைப் பற்றி டாக்டருக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று இப்போதும் கதை சொல்கிறேன். "புளுகாதய்யா" என்று நீ குரல் கொடுக்கிற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்துகிறேன். தறிப் பக்கமிருந்து ஒன்றும் வருவதில்லை. "பயந்துட்டேன்பா" என்று நானே சொல்லிவிட்டு, துண்டை நனைத்து, நீ போட்ட மாதிரியே முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன்.