முப்பத்தொன்றாவது ஆள்

மார்ச் 4

அன்புத் தம்பி,

இங்கே எல்லாரும் சுகம். மூன்று கடிதம் போட்டால் ஒரு பதில் என்ற உன் கஞ்சத்தனம்தான் மாறவில்லை.

பதிப்பகத்தில் பிழை திருத்த ஒரு நாவல் கொடுத்திருக்கிறார்கள். பாலஸ்தீனக் கதை, மொழிபெயர்ப்பு. 1948இல் சிப்பாய்கள் ஓர் ஊரைக் காலி செய்கிறார்கள். ஓட முடியாதவர்களைத் தானியக் கிடங்கில் அடைக்கிறார்கள். இப்போது அங்கே பைன் காடு. வரைபடத்தில் ஊரின் பெயர்கூட இல்லை. இந்த வரலாறு எதுவும் தெரியாமலே நாற்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டேன். படிக்கத் தொடங்கினால் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்புப் பிழைகள் கண்ணில் படவே இல்லை.

நீ ராணுவத்தில் இருந்தவன். அந்தச் சொற்களெல்லாம் சரியா என்று பார்த்துச் சொல். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

61ஆம் பக்கம்: 'குண்டுகள் வைக்கும் பெட்டி' வேண்டாம், 'தோட்டாப் பெட்டி' போதும்.

63: கதவைப் பூட்டியதும் உள்ளே இருப்பவர்கள் அலறுவதாக வருகிறது. அலற மாட்டார்கள். முதலில் சத்தமே இருக்காது. பிறகு யாராவது ஒருவர், மரியாதையாக, தண்ணீர் கேட்பார். திருத்திக்கொள்.

அதற்கு மேல் படிக்கவில்லை. இனி இதுபோல் எதுவும் அனுப்பாதே.

தம்பி

மார்ச் 25

தம்பி,

63ஆம் பக்கத்தில் நான் கை வைக்கவில்லை. அது நாவலாசிரியர் எழுதியது. நீ எழுதியது உனக்கு எப்படித் தெரியும்?

ராணுவத்தை விட்டு நீ வந்த வாரம், "அங்க என்னடா ஆச்சு?" என்று அம்மா கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, பசிக்குது" என்றாய். அன்றிலிருந்து குளிக்கும்போதுகூட நீ கதவைத் தாழிட்டதில்லை. நாங்கள் கேலி செய்து சிரித்தோம்.

அப்படி எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுது. தபால்காரர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

அது பள்ளிக்கூடம். உள்ளே முப்பத்தொரு பேர். காவலுக்கு நான். ஜன்னல் கம்பி வழியாக என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அதிகாரி வந்து, "சாவி யாருகிட்ட?" என்றார். "எங்கிட்டதான் சார்." வாங்கிக்கொண்டு, லாரிப் பக்கம் போகச் சொன்னார். போனேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஊருக்கு இப்போது வேறு பெயர். பழைய பெயரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு. அந்த அதிகாரி இன்னும் பதவியில் இருக்கிறார். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

தம்பி

மே 6

தம்பி,

கிழிக்கவில்லை. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்துக்குப் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. ஊரின் பழைய பெயரையும் எத்தனை பேர் என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எத்தனை பேருன்னீங்க?"

"முப்பத்தொண்ணு."

"எங்க பட்டியல்ல முப்பதுதாங்க இருக்கு. அந்த இன்னொருத்தர் யாரு?"

எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் தெரியும். உன்னை நேரில் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் வா. புதன்கிழமை பதினொரு மணிக்கு அந்த அலுவலகத்தில் இருப்பேன்.

அக்கா

மே 11

அக்கா,

புதன்கிழமை வருகிறேன். மனைவியிடம் இன்று சொல்லிவிட்டேன். மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பட்டியலில் இல்லாத அந்த இன்னொருவர் குடை ரிப்பேர் செய்ய வந்தவர். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தம்பி, நான் இந்த ஊரே இல்லப்பா. வேலைக்கு வந்தேன்" என்றார். எந்த ஊர் என்றும் சொன்னார், மறக்கவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

தம்பி