மணமற்ற வாயு

இன்று காலை வடமதுரையில் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு மாணவி சல்பைடு உப்பின் மேல் நீர்த்த அமிலத்தை ஊற்றினாள். அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியதும் வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடியது. டீச்சரான நான் மட்டும் மேசையருகே நின்றுகொண்டிருந்தேன், உன்னை நினைத்து.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் உனக்கு வந்ததும் இதே உப்புதான். உப்பு கண்டுபிடிப்பதில் வகுப்பிலேயே நீதான் கெட்டிக்காரி. உன் குழாய் நுரைத்ததுமே அடுத்த மேசையில் இருந்த எனக்குக் குடலைப் புரட்டியது. நீயோ நிதானமாக முகர்ந்துவிட்டு, ‘நிறமற்ற, மணமற்ற வாயு, கார்பனேட்’ என்று எழுதினாய். நாற்றம் வந்தால்தானே சல்பைடா என்று உறுதிசெய்ய லெட் அசிடேட் தாளைக் காட்டிப் பார்ப்போம்? வாய் திறந்தால் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், “அது சல்பைடுடீ! உனக்கு மூக்கு என்ன அழகுக்கா இருக்கு?” என்றேன்.

“ஏ புள்ள, எங்க வீட்டுக்குப் பின்னாடியே தோல் பதனிடுற ஷாப்பு. பொறந்ததுல இருந்து இதே நாத்தத்துலதான கெடக்கேன், எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று சிரித்தாய். “நீ சொல்லியிருந்தா ரெண்டு பேரும்ல மாட்டியிருப்போம்.”

வேதியியல் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை. உன் அத்தா உன்னைத் துணிக்கடை வேலைக்கு அனுப்பினார். நீ ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நான்தான் எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அவ்வளவு நாற்றம் ஒருத்திக்குத் தெரியாமல் போகுமா? அசட்டையாக எழுதிவிட்டு வீட்டைக் காரணம் சொல்கிறாய் என்று. வெட்கமாக இருக்கிறது, அந்த நினைப்பில்தான் இத்தனை காலம் நிம்மதியாக இருந்தேன்.

நீ இறந்துபோன அன்று உன் வீட்டு வாசலிலேயே எனக்குக் குமட்டியது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். மதியத்துக்கு மேல் உன் அம்மா என் தோளைத் தொட்டார்.

“வர்றவுகளுக்கெல்லாம் இங்க நாத்தம் தாங்காதும்மா. செத்த நேரம் வெளிய போயி காத்தாட உக்காரு.”

“நாத்தமா? ஒண்ணும் தெரியலையேம்மா.”

மரியாதைக்காகச் சொன்னதல்ல. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன், உண்மையாகவே தெரியவில்லை. அரைப் பகலில் எனக்கே இப்படி. நீ அங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

மன்னிப்புக் கேட்க உன் பக்கம் திரும்பினேன். அதற்குள் உன் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். கேட்க வந்தது இன்னும் என்னிடமே இருக்கிறது.