கவர் போட்ட கார்

கிரி,

உன் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்க ஷோரூம் ஆள் வந்துவிட்டுப் போனார். பேட்டரி செத்துவிட்டதாம்.

"மாசக்கணக்கா எடுக்காமயே நிறுத்தி வெச்சிருக்கீங்க, இதுக்கு வாரண்டி வராது மேடம். ஒரு அவசரத்துக்குக்கூடவா வண்டிய வெளிய எடுக்கல?" என்று கேட்டார்.

எடுக்கவில்லை என்றேன். எனக்குப் பனிக்குடம் உடைந்த அன்று, லெதர் சீட் நனைந்துவிடும் என்று நீ தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்ததையும் சொன்னேன். அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல் காருக்குக் கவரை இழுத்து மூடினார்.

கார் சாவி ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது. ரசம் இருக்கிறது, சாதம் மட்டும் வைத்துக்கொள்.

நான் பாப்பாவோடு செங்கல்பட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறேன். ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோதான், பழகிவிட்டது.

விஷாகா

பி.கு: புது பேட்டரி போட்டதும் மகாபலிபுரம் வரை ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னார் ஷோரூம் ஆள். தனியாகவே போய்விட்டு வா.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குத் தடுப்பூசி. வருவதானால் ரயிலில் வா. காரில் வந்தால் அவளை அதில் உட்காரவைக்க வேண்டியிருக்கும். ஊசி போட்டால் அழுவாள், அழுதால் மூத்திரம் போய்விடுவாள்.